அம்மா வெட்டாத மரம்

என் தம்பி மகனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் சுவரொட்டி வரையும் போட்டி என்று ஒரு வெள்ளை அட்டையைக் கூடத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு பச்சை மரம். அதற்கு மேல் சிவப்பு எழுத்தில் ‘மரம் வெட்டாதீர்’. அம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தார். குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“நான் முப்பத்தோரு வருசம் மரம் வெட்டுனவடா தம்பி” என்றார்.

பையன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் பாட்டி மறைத்து வைத்திருந்த பெருங்குற்றம் ஒன்று வெளியே வந்துவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

அவன் பிறந்தது சுங்கை பட்டாணியில், தாமான் என்கிற நகர்க் குடியிருப்பில். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு ‘மரம் வெட்டுவது’ என்றால் பால் எடுப்பது. அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், “மரம் வெட்டப் போயிருக்காங்க” என்போம். கோடாலிக்கும் ரம்பத்துக்கும் அந்தச் சொல்லில் வேலையே இல்லை. மரங்களைச் சாய்த்தால் அதை வெட்டு என்று சொல்ல மாட்டோம். “காட்ட அழிக்கிறாங்க” என்போம். இதை அவனுக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான், முப்பது ஆண்டுகளாக வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு வேப்பமரத்தின் அடியில் போய் நின்றேன்.

கெடாவில், பீடோங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையில், வடக்கே பார்த்தால் ஜெராய் மலை தெரியும் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்கிறேனே தவிர, அங்கே எங்களுக்கென்று எதுவும் இல்லை. நாங்கள் குடியிருந்த லயம் கம்பெனியுடையது. கூரைத் தகரம், குழாய், வீட்டு முன்நடையான அஞ்சடியில் போட்ட சிமெண்டு, வாசலில் நின்ற நிலம், கண்ணுக்கெட்டிய வரை நிரை நிரையாக நின்ற பால்மரங்கள் எல்லாம் கம்பெனியுடையவை. வேலையில் இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

அம்மா 1964இல், பதினாறு வயதில், பெயர் பதிந்தார். விடியுமுன் பிரட்டு, அதாவது பெயர் கூப்பிடும் அணிவகுப்பு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் உளியுமாக நிரைக்குள் நுழைவார். வெயில் ஏறுவதற்கு முன்பு, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். பள்ளி விடுமுறையில் நானும் உடன் போய் பால் வடியும் மங்கில் கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிடுங்கிப் போடுவேன். அம்மாவின் கை அப்போதுதான் எனக்குப் பழக்கமானது. பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சீவுவார். சுருள் சுருளாகப் பட்டை விழும். அதற்குக் கீழே மரத்தின் உயிர் ஓடுகிற மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டது என்று அர்த்தம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும், மறுபடி வெட்ட வராது. மேற்பார்க்கும் கிராணி கண்டால் ஏச்சு. காயத்துக்குக் கறுப்பு மருந்து பூச வேண்டும். சரியாக வெட்டிய மரமோ புதுப்பட்டை போர்த்திக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பால் தரும். ஒரு மரத்தோடு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் இப்படி வாழலாம்.

பெரியவளான பிறகு படித்தேன். ரப்பரின் தாயகமான பிரேசிலில் மரத்தைச் சிறு கோடாலியால் கொத்திப் பால் எடுத்திருக்கிறார்கள். 1877இல் இருபத்திரண்டு நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அங்கே தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லிதான், கொத்தாமல் மெல்லச் சீவி எடுத்தால் மரம் சாகாமல் பால் தரும் என்பதை 1890களில் செய்து காட்டினார். அந்த வித்தையைக் கையில் ஏற்றுக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் எங்கள் அம்மாக்கள். சாகடிக்காமல் வெட்டுவது அவர்களுடைய தொழில். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இத்தனை மரங்களுக்கு நடுவே அம்மாவின் உளி படாத மரம் ஒன்று உண்டு. அது எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றது.

பாட்டி நட்ட மரம் அது. நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சின்னப் பெண்ணாக மலாயாவுக்கு வந்தவர் பாட்டி. 1958இல், தன் தாயைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வர ஒரே ஒருமுறை ஊருக்குப் போனார். திரும்பும்போது அங்கே ஆடி மாதம், வேப்பம்பழம் கொட்டும் காலம். ஒரு கைப்பிடி பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். ஒரு வாரத்தில் பினாங்கு. அங்கிருந்து தோட்டம். வந்த அன்றே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், பின்கட்டில் குழி பறித்தாராம். அதை ஒரு பழங்கதையாகவே கேட்டு வளர்ந்தேன். வேப்ப விதைக்குச் சில வாரங்கள்தான் உயிர் என்று பிறகு தெரிந்துகொண்டபோதுதான் பாட்டியின் அந்த அவசரம் புரிந்தது. கைப்பிடி விதையில் மூன்று முளைத்தன. ஒன்று நிலைத்தது.

கெடாவின் மண்ணும் வெயிலும் அதற்குப் பிடித்துப்போயின. நாட்டின் இந்த வடமேற்கு மூலையில்தான் தை, மாசியில் வானம் வாய்மூடிக் கிடக்கும். மற்ற இடங்களில் இந்த அளவு வறட்சி கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் வேம்பு கூரையைத் தாண்டிவிட்டது. பத்து வயதில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கை கோத்து அணைத்தாலும் விரல்கள் தொடாது.

ரப்பர்க் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிழல் இருக்கும், தீனி இருக்காது. ஒரே மரம், ஒரே வயது, ஒரே உயரம். பழம் என்று சொல்ல வெடித்துச் சிதறும் கொட்டைதான். மாசி, பங்குனியில் இலை சிவந்து உதிர்ந்து காடு முழுவதும் குச்சியாக நிற்கும். பால் குறையும், சம்பளம் குறையும். சத்தமும் குறையும். எங்கள் வேம்பு அந்த நாட்களில்தான் பழுத்த இலையை ஒரு பக்கம் உதிர்த்துக்கொண்டே மறுபக்கம் செந்தளிர் விட்டு, வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். காட்டில் இடமில்லாத உயிரெல்லாம் எங்கள் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தன.

விடிந்ததும் தேனீ. அடுத்து மஞ்சள் வாலடிச் சின்னான்கள் ஜோடி ஜோடியாக. கண் சிவந்த கறுப்பு மைனாக் கூட்டம் பழக் காலத்தில் ஒரே இரைச்சலாக இறங்கும். எங்கள் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு இருக்காது. விலாவில் ஒரு வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும், வயிறு செம்பு நிறம். ராமர் தடவாத அணில் என்று பாட்டி சொல்வார், ஆனாலும் சோற்றுப் பருக்கை வைப்பார். அடிமரத்தில் பறக்கும் ஓணான். பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு, தாடைக்குக் கீழே மஞ்சள் விசிறியை விரித்து விரித்து மூடும். கண் இமைக்கும் நேரத்தில் விலாத்தோலை விரித்து அடுத்த வீட்டு முருங்கைக்கு மிதந்து போய்விடும். காய்ந்துபோன ஒரு கொப்பில் குக்குறுவான் வட்டமாகத் துளை போட்டிருந்தது. நாள் முழுக்கச் செம்பைத் தட்டுவது போல அதன் ‘டொங் டொங்’.

காக்கையும் குயிலும் பிறகு வந்தன. காக்கை எங்களைப் போலவே கப்பலேறி வந்த பறவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது. காக்கை ஊர் திரும்பவில்லை, மேற்குக் கரை நெடுகிலும் குடியேறியது. அது கூடு கட்டிய இடத்துக்கெல்லாம் குயிலும் பின்தொடர்ந்தது. வேம்பின் உச்சியில் காக்கை கூடு வைத்த வருடம், விடியற்காலை நாலு மணிக்கே குயில் கூவத் தொடங்கியது. அம்மா அதைக் கேட்டுத்தான் எழுவார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை அந்த வருடம் விட்டுவிட்டார்.

ஆந்தைதான் கொஞ்சம் பிரச்சினை. ஒரு கொப்பு காற்றில் முறிந்து, அந்த இடம் உளுத்துப் பொந்தானது. அதில் காதுகள் நிமிர்ந்த சின்ன ஆந்தை ஜோடி குடிவந்தது. லயத்தில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள், வீட்டுக்கு ஆகாது, பொந்தை அடைத்துவிடு என்றார்கள். பாட்டி ஒரு ராத்திரி முழுக்க அஞ்சடியில் உட்கார்ந்து கேட்டார். மறுநாள் சொன்னார்: “அது அலறல. ஒரு சொல்லுச் சொல்லுது. பத்து எண்ணுற நேரம் பொறுத்து இன்னொரு சொல்லு. யாரையோ விசாரிக்குது பாவம்.” பொந்தை யாரும் அடைக்கவில்லை. பிறகு நான் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது, அதுவும் வேலை முடிந்து பொந்தின் வாயில் கண்ணைச் செருகிக்கொண்டிருக்கும். நான் தூங்கப் போவேன். அதுவும் தூங்கப் போகும்.

மனிதர்களும் வந்தார்கள். அம்மை போட்ட வீட்டுக்குக் கொத்துக் கொத்தாக இலை போகும். பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து ஒரு மாக்சிக், “டாவுன் மம்பு இருக்கா?” என்று கேட்டு வருவார். அவர்கள் வீட்டிலும் அம்மை கண்ட பிள்ளைகளை அந்த இலை போட்ட தண்ணீரில்தான் குளிப்பாட்டுவார்கள். தாய்லாந்து எல்லைப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் அவருக்கு உண்டு. அவர் வந்தால் பூவும் கொழுந்தும் கேட்பார். வெந்நீரில் போட்டெடுத்துச் சோற்றோடு தின்பார்களாம். சித்திரை முதல் நாள் அதே பூ எங்கள் வீட்டில் ரசத்தில் மிதக்கும். பாட்டி யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். பொழுது சாய்ந்த பிறகு கொப்பு ஒடிக்கக் கூடாது. “அதுங்க தூங்குற நேரம்” என்பார். மரம் தூங்குவதைச் சொல்கிறாரா, மரத்தில் தூங்குபவற்றைச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை. பாட்டி 1987இல் காலமானார். அவருடைய பாய் அந்த மரத்தடியில்தான் கடைசி வரை கிடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லாம் மாறியது. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் எடுத்த நாடு என்ற இடத்தைத் தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்திருந்தோம். சுற்றிலும் சில தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பட்டணத்துக்குக் கிட்டே இருந்தவை வீடமைப்புக்குப் போயின. 1995 தைப்பொங்கல் கழிந்து எங்களுக்கும் நோட்டீசு வந்தது.

இழப்பீட்டுக் கணக்கு இப்படி. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் இருபது நாள் சம்பளம். அம்மாவுக்கு முப்பத்தோரு வருடம், 620 நாள். மலிவு விலை வீடு அப்போது 25,000 வெள்ளி. அம்மாவின் பணத்தையும் என் சம்பளத்தையும் வைத்துத் தாமானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். தாள்களில் பெருவிரல் வைத்துவிட்டு வந்த அன்று மாலை, அம்மா பின்கட்டில் நின்றுகொண்டு சொன்னார்: “வேலையில இது என்னைவிட ஆறு வருசம் மூத்தது. முப்பத்தேழு வருசம். இதுக்குக் கணக்குப் போட்டா 740 நாள்.”

அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நிழல், காற்று, மருந்து, விடியற்காலை எழுப்பிவிட்டது என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் சொன்னார். பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று இருந்தது. மரத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை. எங்களுக்குக் கிடைத்த நோட்டீசுகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாவது வாரம். அந்த வருடமும் பூ எடுத்து ரசம் வைத்திருந்தார் அம்மா. மிச்சப் பூவெல்லாம் பிஞ்சாகி நின்றது. உச்சியில் காக்கை கூடு, பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள். நாங்கள் வீடு மாற இன்னும் பத்து நாள் இருந்தது, அதுவரை மரம் நிற்கும் என்று நம்பியிருந்தேன். இரவு ஷிப்டு முடித்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது லயத்துப் பக்கம் வெளிச்சம் கூடுதலாக இருந்தது. எதனால் என்று புரிய இரண்டு மூன்று எட்டு நடக்க வேண்டியிருந்தது. எங்கள் கூரைக்கு மேலே வானம் திறந்து கிடந்தது.

கொப்புகளை முடித்து அடிமரத்துக்கு வந்திருந்தார்கள். இயந்திர ரம்பத்தின் சத்தத்தில் அம்மா அசையாமல் நின்றிருந்தார். வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களைப் போலவே கூலிக்கு வந்தவர்கள். பொந்து இருந்த கொப்பு விழுந்தபோது அவர்களில் ஒருவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, குனிந்து பார்த்து, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். அம்மாதான் குஞ்சுகளை முறத்தில் எடுத்தார். இரண்டில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அதுவும் அன்று மாலைக்குள் போய்விட்டது.

முப்பத்தேழு வருட மரம் சாய ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. எல்லாரும் போன பிறகு அம்மா ஒரு காரியம் செய்தார். வாய்க்கால் ஓரத்திலிருந்து ஈர மண்ணை அள்ளிக் குழைத்து எடுத்துவந்தார். மண்டியிட்டு, அடிமரத்தின் வெட்டுவாயைச் சுற்றி, பட்டையும் மரமும் சேரும் இடம் பார்த்து, விரலால் பூசினார். நிரையில் கைதவறி ஒரு மரத்தைக் காயப்படுத்திவிட்டால் மருந்து பூசுவாரே, அதே கை, அதே நிதானம். ஒரு வட்டம் முழுவதும் பூசி முடிக்கும் வரை நிமிரவில்லை. நானும் எதுவும் பேசவில்லை.

காக்கை இரண்டு நாள் வாயில் இரையோடு வந்தது. கூடு இருந்த உயரத்தில், வெறும் காற்றில், வட்டம் போட்டுவிட்டுத் திரும்பியது. அணில் தகரக் கூரையில் அங்குமிங்கும் ஓடியது, வெயில் ஏறியதும் காணாமல் போனது. ஆந்தை, காலியாகிப்போன கடைசி வீட்டு விட்டத்தில் உட்கார்ந்து மூன்று இரவு அந்த ஒரு சொல்லைச் சொன்னது. பத்து எண்ணும் நேரம் பொறுத்து மறுபடி சொன்னது. நாலாம் இரவு நான் விழித்தே கிடந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

வேம்பு எளிதில் விட்டுக்கொடுக்கிற மரமில்லை. நாங்கள் தாமானுக்கு வந்து மூன்று வாரம் கழித்து அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடிமரத்தைச் சுற்றிச் செந்தளிர் விட்டிருக்கிறது என்றார். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். அடுத்த மாதம் போனபோது அந்த இடத்தை மண்வாரி இயந்திரம் சமப்படுத்தியிருந்தது. பின்கட்டு எது, வாசல் எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு விஷயம் படித்தேன். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், மரங்களைக் காக்கும் பகுதி ஒன்று 1995இல் சேர்க்கப்பட்டது. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை உள்ளூராட்சியின் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்கிறது அது. எங்கள் மரம் விழுந்த அதே ஆண்டு. இரண்டு சிறுமிகள் கை கோத்தும் அடங்காத அதன் சுற்றளவை மனத்துக்குள் அளந்து பார்த்தேன். அளவுநாடா எடுத்துக்கொண்டு ஒருவராவது அந்தப் பின்கட்டுக்கு வந்திருக்கலாம் என்ற ஏக்கம் இன்றும் போகவில்லை.

2013 இறுதியில் இன்னொரு செய்தி. பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி என்னும் பழங்கோயில், நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. ராஜேந்திர சோழன் 1025இல் படை நடத்தி வென்றதாகச் சொல்லப்படும் கடாரம் எங்கள் வட்டாரம்தான். ஆயிரம் ஆண்டு தாண்டிய கோயில் அடித்தளம், ஆய்வாளர்கள் எண் போட்டுக் குறித்து வைத்தது, ஒரு நாள் இல்லாமல் போனது. நாடே பேசியது, நானும் அழுதேன். எண் போட்ட கல்லுக்கே இந்தக் கதி என்றால், எண்ணில் வராத மரங்கள் எத்தனை போயிருக்கும்? ஒவ்வொரு லயத்துப் பின்கட்டிலும் ஒரு மா, ஒரு பலா, ஒரு வேம்பு நின்றது. ஒவ்வொன்றிலும் ஓர் ஊர் குடியிருந்தது. அவற்றை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி மகனிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். அவன் நெடுநேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாட்டியிடம் கேட்டான்: “நீங்க வெட்டுன மரத்துல எத்தனை மரம் பாட்டி செத்துச்சு?”

“ஒன்னுகூட இல்ல” என்றார் அம்மா. எழுபத்தேழு வயதில் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து அவர் பேசி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பையன் மறுபடி தூரிகையை எடுத்தான். ஒரு கிளையில் கறுப்பாக ஒரு பறவை வைத்தான். அம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். நடுங்கும் விரலை ஈரம் காயாத பச்சையில் வைத்து, “காக்கா கூடு இங்க இல்ல, மேல, உச்சியில” என்றார். “பொந்து இந்தக் கொப்புல. ரெண்டு கண்ணு தெரியணும்.” அவன் வரைந்தான். “அணில் இந்தப் பக்கம். ஓணான் அடியில, பட்டையோட பட்டையா, தெரிஞ்சும் தெரியாம.” அவன் வரைந்தான். மரம் நிரம்பிக்கொண்டே வந்தது.

கடைசியில் அம்மா அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“கீழ ஒரு பாய் போடு தம்பி” என்றார்.